பதினேழாம் ரகத்தின் எடை

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதிக் கொடுக்கச் சொல்லி நம் ஆய்வுக்கூடத் தலைவர் டாக்டர் கேட்டார். 'நல்ல பழக்கங்கள் பத்து' என்று ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் உட்கார்ந்தேன். மூன்றாவது பழக்கத்திலேயே எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது. எழுதுகிறவளுக்கே அப்படி என்றால் படிக்கிற உங்கள் கதி என்ன? அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, நான் செய்த ஒரு தப்பைப் பற்றி எழுதுகிறேன். தப்பு என்றால் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்து படிப்பார்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. நீங்கள் இப்போது நிற்கிற கிரீன்ஹவுஸை முப்பது வருடத்துக்கு மேல் பார்த்துக்கொண்டவள் நான். ஓய்வு பெற்றுச் சிராங்கூனில் வீட்டோடு இருக்கிறேன். லேப்பில் எல்லாருக்கும் நான் 'அக்கா'. சீனப் பிள்ளைகளும் மலாய்ப் பிள்ளைகளும்கூட அதுதான் என் பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள், நானும் திருத்தவில்லை.

கல்யாண வீட்டில் யாராவது "என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டால், "வறட்சி உண்டாக்குற வேலை" என்பேன். மத்தியானமானால் இடி இடித்துக் கொட்டுகிற இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு வறட்சி உண்டாக்குகிறாளாம் என்று சிரிப்பார்கள். உண்மையில் அதுதான் என் வேலை. கூரைமேல் மழை அடித்து ஊற்றும்போது, அதற்கு இரண்டடி கீழே இருக்கிற பயறுச் செடிக்கு ஒரு சொட்டுக்கூடப் போகாமல் பார்த்துக்கொள்வேன். உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறு எல்லாம் பெரும்பாலும் வானத்தைப் பார்த்து விதைக்கிற பயிர்கள். மழை பொய்த்தால் எந்த ரகம் தாங்கும் என்று கண்டுபிடிக்க வேண்டுமானால், யாராவது ஒருவர் கல்நெஞ்சோடு தண்ணீரை நிறுத்தித்தான் ஆக வேண்டும்.

தாகத்திலும் பருவம் உண்டு. சின்னச் செடியாக இருக்கும்போது தண்ணீர் குறைந்தால் குட்டையாக நிற்கும், பிறகு மழை வந்தால் பெரும்பாலும் சுதாரித்துக்கொள்ளும். காய் பிடித்த பிறகு குறைந்தால் பருப்பு சுருங்கிச் சிறுத்துப் போகும், ஆனாலும் ஏதோ மிஞ்சும். பூக்கிற நேரத்தில் குறைந்தால்தான் வினை. செடி தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளப் பூவை உதிர்த்துவிடும். வெளியே பார்த்தால் இலையெல்லாம் பச்சையாக இருக்கும், காய் மட்டும் இருக்காது. அதனால் எவ்வளவு நாள் தண்ணீர் இல்லை என்று கேட்பதற்கு முன்னால், எந்த நேரத்தில் இல்லை என்று கேளுங்கள்.

நான் சொல்லப்போகிற தப்பு ஒரு தட்டைப்பயறுச் சோதனையில் நடந்தது. இருபத்துநாலு ரகம். அதில் பதினேழாம் எண் ரகம் செல்வியுடையது. செல்வி ராமநாதபுரம் பக்கத்துப் பெண், இங்கே ஆய்வாளராக வந்து நாலு வருடம் ஆகியிருந்தது. அந்த நாலு வருடமும் ஒரு செடியின் மகரந்தத்தை இன்னொரு செடியில் வைத்து, விதை எடுத்து, மறுபடி விதைத்து, அவள் தன் கையாலேயே உண்டாக்கிய ரகம் அது. நல்ல திடகாத்திரமான செடி, அகன்ற இலை. சோதனையில் முதல் இரண்டு இடத்தில் வருகிற ரகங்கள் அவள் ஊர்ப் பக்கத்து விவசாயிகளின் நிலத்துக்குப் போகும். மற்றவை எல்லாம் நம் குளிரறைக்குப் போகும். குளிரறைக்குப் போன விதையை யாரும் திரும்ப எடுத்து நான் பார்த்ததில்லை. செல்வியின் ஒப்பந்தமும் அந்தச் சோதனையோடு முடிகிறது. ஜெயித்தால் நீட்டிப்பு, இல்லையென்றால் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

சோதனை நடத்துகிற முறை என்னுடையது. தினமும் காலையில் ஒவ்வொரு தொட்டியையும் தராசில் வைப்போம். தொட்டி, மண், வறட்சிக்கென்று நாங்கள் வைத்த குறைந்த அளவுத் தண்ணீர் மூன்றும் சேர்ந்து இவ்வளவு எடை என்று ஒரு கணக்கு இருக்கும். எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு தண்ணீர் மட்டும் ஊற்றுவோம். எல்லாத் தொட்டிக்கும் ஒரே எடை, ஒரே நியாயம். இந்த முறையை நான் வருடக்கணக்காகச் செய்துவந்தேன், பலருக்குச் சொல்லியும் கொடுத்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

தொட்டிகளைத் தூக்கி வைக்கிற ஆள் அழகர். புதுக்கோட்டைக்காரர், நாற்பது வயது இருக்கும். கப்பல் பட்டறையில் சில வருடம் இருந்துவிட்டு, பிறகு நம் ஒப்பந்தக்காரர் வழியாகக் கிரீன்ஹவுஸுக்கு வந்தவர். அதிகம் பேசமாட்டார். மூன்றாவது வாரத்தில் ஒருநாள் பதினேழாம் ரகத் தொட்டியைத் தராசிலிருந்து இறக்கிவிட்டு நின்றார்.

"மேடம், இந்தத் தொட்டி தூக்கையில கனமாத்தான் இருக்கு. ஆனா மண்ணு பொடியாக் கெடக்கு. வெரல விட்டுப் பாத்தேன். இதுக்குக் கொஞ்சம் கூடத் தண்ணி வேணும்."

எனக்கு இந்தப் பேச்சு புதிதில்லை. செடி வாடுவதைப் பார்க்கச் சகிக்காமல் யாருக்கும் தெரியாமல் ஒரு டம்ளர் ஊற்றிவிடுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். படித்த பிள்ளைகளே செய்திருக்கிறார்கள். இரக்கத்தால் கெட்டுப்போன சோதனைகள் எத்தனை என்று என்னைக் கேளுங்கள். அதனால் அழகரும் இரக்கப்படுகிறார் என்று முடிவு கட்டிவிட்டேன்.

"அழகர், இங்க தராசு சொல்றதுதான் பேச்சு. உங்க வெரலு சொல்றதயெல்லாம் நான் எழுதிக்கிட்டு இருந்தா எனக்கு வேலை போயிடும்லா," என்றேன். பக்கத்தில் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவர் அடுத்த தொட்டியைத் தூக்கினார்.

பதினேழாம் ரகம் பூத்தது. பூத்த வேகத்தில் உதிர்ந்தது. மிஞ்சிய நாலைந்து காயை உடைத்துப் பார்த்தால் இரண்டு பருப்பு, மூன்று பருப்பு. ஒல்லியாக, குட்டையாக நின்ற ரகங்கள் ஜோராகக் காய்த்தன. பட்டியல் போட்டபோது பதினேழுக்குக் கடைசி இடம். செல்வி அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "சரிக்கா" என்று மட்டும் சொன்னாள். திங்கட்கிழமை கூட்டத்தில் டாக்டர் கையெழுத்துப் போட்டால் எல்லாம் முடிந்தது. எனக்கும் ஓய்வுபெற இரண்டு மாதம்தான் இருந்தது. பிரிவு விருந்துக்குச் சாப்பாடு எங்கே சொல்வது என்று பிள்ளைகள் பேச ஆரம்பித்திருந்தார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் கிரீன்ஹவுஸைக் காலி செய்தோம். அழகர் செடிகளை மண்மட்டத்தில் வெட்டிப் பைகளில் போட்டு வைத்துவிட்டுப் போயிருந்தார். ஒரு பையைக் குப்பைத் தொட்டிக்கு நானே எடுத்துப் போகலாம் என்று தூக்கினேன். கை கீழே இழுத்தது. யாரோ உள்ளே கல்லைப் போட்டுவிட்டார்களோ என்று திறந்து பார்த்தேன். பதினேழாம் ரகத்தின் ஒரே ஒரு தொட்டிச் செடிகள். காய் இல்லாவிட்டாலும் தண்டும் இலையுமாகத் தளதளவென்று இருந்தன.

சும்மாதான் அதைத் தராசில் வைத்தேன். எண்ணைப் பார்த்ததும் தண்ணீர்க் கணக்கு நோட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நான் அந்தத் தொட்டிக்குத் தினமும் ஊற்றிய தண்ணீரைவிட அந்தச் செடிகளின் எடை அதிகம்.

புரிகிறதா? தொட்டியின் எடையில் செடியின் எடையும் இருக்கிறது. செடி வளர வளர அந்த எடை கூடுகிறது. தராசு 'எடை சரியாக இருக்கிறது' என்றால், நான் 'தண்ணீர் சரியாக இருக்கிறது' என்று எடுத்துக்கொண்டேன். நன்றாக வளர்ந்த செடிக்கு, அது வளர்ந்த அளவுக்குத் தண்ணீரைக் குறைத்துக்கொண்டே போயிருக்கிறேன். வளராமல் நின்ற செடிகள் வயிறு முட்டக் குடித்திருக்கின்றன. ஒரே நியாயம் என்று நான் பெருமைப்பட்டது பச்சை அநியாயம்.

இத்தனை வருடம் இது எப்படித் தெரியாமல் போனது என்று கேட்பீர்கள். அதுவரை இந்த முறையில் நான் செய்த சோதனை எல்லாம் நாற்றுப் பருவத்தோடு முடிந்தவை. நாற்றுக்கு என்ன பெரிய எடை? அங்கே அந்த முறை சரி. அறுவடை வரைக்கும் போனது இதுதான் முதல் தடவை. வேறு இடத்துக்குப் போகிறோம் என்று யோசிக்காமல் பழைய செருப்பையே மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். தராசு பொய் சொல்லவில்லை, பாவம். நான்தான் அதனிடம் தப்பான கேள்வியைக் கேட்டிருக்கிறேன்.

அந்தப் பையோடு அங்கேயே நின்றேன். என் மனதில் என்ன ஓடியது என்பதை மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் மனதிலும் ஒருநாள் அது ஓடும். பையைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டால் யாருக்குத் தெரியும்? இரண்டு மாதம். கேக் வெட்டுவார்கள், பேசுவார்கள், நான் போய்விடுவேன். சொன்னால் ஒரு சோதனையே பாழ், இருபத்துநாலு ரகமும் பாழ், என் பெயரும் பாழ். ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும், பரிமாறுகிற கைக்குத் தெரியுமே.

ஞாயிற்றுக்கிழமை அழகருக்கு விடுமுறை. போன் செய்தேன், லிட்டில் இந்தியாவில் இருப்பதாகச் சொன்னார். ரேஸ் கோர்ஸ் ரோட்டுப் பக்கம் திறந்தவெளியில் ஊர்க்காரர் இரண்டு பேரோடு புல்லில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு ஓடி வந்தார்.

"மேடம், ஏதும் தப்பாயிருச்சா?"

"ஆயிடுச்சு அழகர். நீங்க பண்ணல. நான் பண்ணிட்டேன்."

பக்கத்துக் கடையில் ஆளுக்கொரு டீ வாங்கிக்கொண்டு ஓரமாக நின்றோம். கூட்டம் எங்களை இடித்துக்கொண்டு போனது. "தூக்குறப்போ கனமா இருந்து, மண்ணு காஞ்சு கெடந்ததுன்னு சொன்னீங்களே, அது பதினேழு மட்டும்தானா?" என்று கேட்டேன்.

அவர் யோசிக்கவே இல்லை. "பதினேழு, ஒம்பது, இருபத்தொண்ணு, அப்பறம் மூணு. மூணு கொஞ்சம் பரவாயில்ல."

கைப்பையிலிருந்த தாளை எடுத்துப் பார்த்தேன். பட்டியலின் கடைசி நாலு இடமும் அந்த நாலும்தான். அவர் சொன்ன அதே வரிசையில் கீழிருந்து மேலே இருந்தன.

"ஏன் அழகர், மறுபடி ஒரு தடவ சொல்லியிருக்கலாம்ல?"

"ஒரு தடவ சொன்னேன்ல மேடம். சிரிச்சிட்டீங்க." கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு வலித்தது. கொஞ்சம் பொறுத்து, "நீங்க வேணாம்னு சொன்னதுக்கப்பறம் நான் ஒரு சொட்டு ஊத்தல மேடம். ஊத்தலாமான்னு தோணுச்சு. ஊத்தல," என்றார்.

"தெரியும்," என்றேன். "மன்னிச்சிருங்க." அவர் பதறிப்போய், அதெல்லாம் எதற்கு மேடம் என்று டீ டம்ளரை வாங்கிக் கீழே வைத்தார். அத்தனை தொட்டியையும் தினமும் இரண்டு கையாலும் தூக்குகிறவருக்குத் தெரிந்தது, எண்களை மட்டும் பார்த்த எனக்குத் தெரியவில்லை. அவர் சொன்னது இரக்கம் இல்லை, தகவல். இரண்டையும் பிரித்துப் பார்க்கக்கூட நான் மெனக்கெடவில்லை.

அங்கிருந்து நேராகச் செல்வி வீட்டுக்குப் போனேன். கேலாங் பக்கம் ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். கட்டில்மேல் பெட்டி திறந்து கிடந்தது. கூட்டம் முடிவதற்கு முன்பே துணிகளை மடித்து வைக்க ஆரம்பித்துவிட்டாள். உட்காரச் சொன்னாள். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். தொட்டி, எடை, பை, அழகர் சொன்னது, நான் சிரித்தது வரைக்கும்.

நான் முடித்த பிறகு அவள் கையிலிருந்த சட்டையை மடிக்காமலே பெட்டிக்குள் போட்டாள்.

"நாலு வருசம்க்கா."

"தெரியும் செல்வி."

"ஒங்களுக்குத் தெரியாது." குரல் உயர்ந்தது. "ஒரு மாசமா நான் அதத் திட்டிக்கிட்டு இருக்கேன்க்கா. எல்லாம் எலதான், ஒண்ணுத்துக்கும் ஒதவாத செடின்னு. எங்கப்பாட்ட போன் பண்ணி, நான் செஞ்சது சரியில்லப்பா, வேஸ்ட்டுப்பான்னு சொல்லிட்டேன். அது தாகத்துல நின்னுருக்கு. நான் திட்டிக்கிட்டு நின்னுருக்கேன்." பிறகு, "நீங்க போயிட்டு வாங்கக்கா. இப்ப என்னால பேச முடியாது," என்று கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

போனேன். மன்னிப்புக் கேட்டதும் மன்னித்துவிட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, அதையும் நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள்.

திங்கட்கிழமை கூட்டத்தில் டாக்டர் பட்டியலை எடுத்தார். உங்களுக்கு டாக்டரைத் தெரியும், கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். நான் எழுந்து, "கையெழுத்துப் போடாதீங்க," என்றேன். அந்தப் பையைக் கூடவே கொண்டுபோயிருந்தேன். மேசைமேல் தராசை வைத்து, பையை அதன்மேல் வைத்து, பக்கத்தில் தினமும் ஊற்றிய தண்ணீரின் அளவை எழுதினேன். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. அறையில் இருந்த எல்லாருக்கும் கணக்குத் தெரியும்.

டாக்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இதை யாரும் முன்பே கவனிக்கவில்லையா?"

"கவனிச்சார். மூணாவது வாரமே அழகர் சொன்னார். நான்தான் கேக்கல."

"ஏன்?"

இந்த ஏனுக்குப் பதில் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. "அவர் தொட்டி தூக்குறவர்னு நெனச்சேன். பாக்குறவர்னு நெனைக்கல," என்றேன். செல்வி என் பக்கம் திரும்பவே இல்லை. டாக்டர் பேனாவை மூடி வைத்தார். முழுச் சோதனையையும் மறுபடி நடத்த இடமும் இல்லை, காலமும் இல்லை என்றார். கடைசியில் பதினேழையும் சேர்த்து எட்டு ரகத்துக்கு ஒரு மேசை ஒதுக்கினார். செல்விக்கு மூன்று மாத நீட்டிப்பு. "அழகரை இனிமேல் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுபடி விதைத்தோம். இந்தத் தடவை செடியின் எடையைக் கழித்தாக வேண்டும். நிற்கிற செடியை எப்படி எடை போடுவது? ஒரே வழிதான். ஒவ்வொரு ரகத்திலும் கூடுதலாகச் சில தொட்டி வளர்த்து, வாரம் ஒரு தொட்டிச் செடிகளைப் பிடுங்கி எடை பார்த்து, அந்த எடையை மற்றத் தொட்டிகளின் கணக்கில் கழிக்க வேண்டும். பதினேழாம் ரகத்தின் விதை கையளவுதான் மிச்சம். அதிலிருந்து வளர்ந்ததைப் பிடுங்குவது என்றால் செல்விக்கு எப்படி இருந்திருக்கும்!

முதல் வாரம் அந்தத் தொட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு, கூட்டத்துக்குப் பிறகு முதல் முறையாக அவள் என்னிடம் பேசினாள். "அக்கா, என்னால ஆகாது. நீங்க பிடுங்குங்க."

பிடுங்கினேன். வேரை அழகர் தண்ணீரில் அலசினார். செல்வி எடையை எழுதினாள். அடுத்த வாரமும் அப்படியே. ஐந்தாவது வாரம் நான் கை வைப்பதற்கு முன்னால் அவளே குனிந்து பிடுங்கி என் கையில் கொடுத்தாள். அன்று மத்தியானம் கேன்டீனில் எனக்கும் சேர்த்து அவள் கோப்பி வாங்கி வந்தாள்.

இதற்கு நடுவில் நான் ஓய்வு பெற்றுவிட்டேன். கேக் வெட்டினார்கள். மறுநாள் காலை விருந்தாளி அட்டையை மாட்டிக்கொண்டு திரும்ப வந்து நின்றேன். வாசலில் இருந்த காவலாளி, "என்னக்கா, மறந்துட்டீங்களா?" என்று கேலி செய்தார்.

பூ விடத் தொடங்கியதும் தண்ணீரை நிறுத்தினோம். பிறகு தினமும் காலையில் மூன்று பேரும் மேசைக்கு அடியில் உதிர்ந்து கிடக்கிற பூக்களைப் பொறுக்கி எண்ணுவோம். அழகர் எண்ணுவார், செல்வி எழுதுவாள், நான் விரலை மண்ணில் விட்டுப் பார்ப்பேன். ஆமாம், விரலைத்தான். போன தடவை ஜெயித்த குட்டை ரகம் ஆறாம் நாளே கொட்ட ஆரம்பித்தது. இன்னொன்று ஒன்பதாம் நாள். பதினேழின் கீழே தரை சுத்தமாக இருந்தது. பன்னிரண்டாம் நாளும் இருந்தது. எனக்கு ராத்தூக்கம் போய்விட்டது. இது என் பிள்ளை பரீட்சை எழுதியபோதுகூட எனக்கு இல்லாத படபடப்பு.

பதினேழாம் நாள் காலை போனால் மேசைக்கு அடியில் ஊதாப் பூக்கள் இறைந்து கிடந்தன. மற்றதற்கும் தாங்கும் எல்லை உண்டு, இதற்கும் உண்டு. அதிசயச் செடி எதுவும் இல்லை. தண்ணீர் கொடுத்து, மிஞ்சிய காய் முற்றியதும் அறுத்தோம். நன்றாகத் தண்ணீர் குடித்து வளர்ந்த செடியைவிடக் காய் குறைவுதான். ஆனால் இருந்த காய்களில் பருப்பு நிறைந்திருந்தது. எட்டு ரகத்தில் பதினேழுக்கு இரண்டாம் இடம். நிலத்துக்குப் போகலாம்.

டாக்டர் கையெழுத்துப் போட்ட அன்று, கிரீன்ஹவுஸில் நின்றபடியே செல்வி அவள் அப்பாவைக் கூப்பிட்டாள். கையெல்லாம் மண், அதனால் போனை மேசைமேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டாள். சேதியைச் சொன்னாள். அந்தப் பக்கம் அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"பூவுல நிக்கையில மழ இல்லாட்டி எத்தன நாளு தாங்கும் ஆத்தா?"

"பதினாறு நாளுப்பா. அதுக்கு மேல கொட்டிரும்."

எனக்குச் சங்கடமாக இருந்தது. நாலு வருடம், இரண்டு சோதனை, இத்தனை பேர் உழைப்பு, வெறும் பதினாறு நாள். அந்த மனிதர் ஏமாந்து போவார் என்று நினைத்தேன். போனில் அவர் ஏதோ முணுமுணுப்பது மட்டும் கேட்டது. அவர் மனதுக்குள் கணக்குப் போடுகிறார் என்று பிறகுதான் புரிந்தது.

"பதினாறு நாளா?" என்றார். "நம்ம பக்கம் பன்னெண்டு, பதிமூணுல எப்பிடியும் ஒரு மழ எறங்கிரும்ல. போன வருசமும் எறங்குச்சு. மழ வாரதுக்குள்ள நம்ம செடி பூவக் கொட்டிருச்சு, அம்புட்டுதான்."

செல்விக்கு அழுகை வந்துவிட்டது. பேச முடியாமல் போனை என் பக்கம் தள்ளினாள். அழகர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் குனிந்து, "அய்யா, ஒங்க பொண்ணு கூட வேலை பாக்குறவ பேசறேன். மொதத் தடவ அவ செடிக்குத் தண்ணியக் கொறச்சது நான்தான்," என்றேன்.

"சொன்னா தாயி, எல்லாம் சொன்னா," என்றார் அவர். "இப்பச் சரியாப் பாத்துட்டீயல்ல? வெதைய அனுப்பி வைங்க. ஐப்பசிக்குள்ள வந்துட்டா நல்லது."